ஏறுமுகம் எவருக்கு?

இரண்டு எண்கள். இரண்டும் ஒரே நாட்டில், ஒரே பருவத்தில் வெளிவந்தவை. ஆனால், ஒன்று சொல்லும் கதையை மற்றொன்று மறுக்கிறது.

முதல் எண் நியூயார்க் நகரில் பிறந்தது. 2025ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29ஆம் நாள், செயற்கை நுண்ணறிவுக்கு வேண்டிய சில்லுகளை வடிவமைக்கும் என்விடியா நிறுவனத்தின் சந்தை மதிப்பு 5 இலட்சம் கோடி டாலரை எட்டிற்று. அதுவரை உலகில் எந்த நிறுவனமும் தொட்டறியாத உச்சி அது! 2023ஆம் ஆண்டின் நடுவில் 1 இலட்சம் கோடி. இரண்டரை ஆண்டு நிரம்புமுன் ஐந்து மடங்கு! பங்குச் சந்தையிலே களிப்பு. செல்வர் மாளிகையிலே விருந்து. புதுயுகம் பிறந்துவிட்டது என்று ஏடுகளிலே பூரிப்பு!

இரண்டாம் எண், மிச்சிகன் மாநிலத்துப் பல்கலைக் கழகம் ஒன்றில் பிறந்தது. அமெரிக்க மக்களிடம் திங்கள்தோறும் வினாக்கள் தொடுத்து, அவர்தம் மனநிலையை எண்ணாக்கிக் கூறுவது அப் பல்கலைக் கழகத்தின் பணி. 2025 நவம்பரில் அது வெளியிட்ட எண் 51. 1966ஆம் ஆண்டின் மனநிலையை 100 என்று கொண்டு அளக்கப்படும் கணக்கு இது. அதுவரை கண்ட மிகத் தாழ்ந்த அளவு, 2022 சூன் திங்களில் பதிவான 50. அதற்கு ஒரே ஒரு படிதான் மேலே!

சந்தை சிகரத்தில், சாமானியன் மனமோ படுகுழியில்! செல்வம் பெருகுகிறது என்கிறது ஓர் எண். சிந்தை கலங்குகிறது என்கிறது மற்றோர் எண். எது மெய்? எது மயக்கம்?

"மக்கள் அறியார், புதுமை கண்டு அஞ்சுவது பாமரர் இயல்பு" என்று ஒரே வரியில் தீர்ப்பளித்துவிட்டு நகர்பவர் உண்டு. தோழர்களே! 'மக்கள் அறியார்' என்ற தீர்ப்பை எத்தனை முறை கேட்டிருக்கிறோம் நாம்! கருவறைக்கு வெளியே நிறுத்தப்பட்டபோது கேட்டோம். கல்விக் கூடத்து வாயிலில் தடுக்கப்பட்டபோது கேட்டோம். ஆகவே, இந்தத் தீர்ப்பை ஏற்குமுன், வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பது நம் கடமை.

முதற்கண், மக்களின் மனத்தை எண்ணால் அளக்க முடியும் என்ற எண்ணம் எவருக்குத் தோன்றிற்று என்பதைக் காண்போம்.

ஜார்ஜ் கட்டோனா என்பவர் 1901இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர், உளவியல் கற்றவர். முதல் உலகப் போருக்குப் பின், ஜெர்மனியில் நாணயம் நாசமான நாட்களை நேரில் கண்டார். காலையில் வாங்கிய கூலி மாலையில் காகிதமாகிப் போகும் கொடுமை! ரொட்டி வாங்கக் கூடை நிறைய நோட்டு! நாளைக்கு விலை ஏறும் என்று மக்கள் இன்றே வாங்க ஓடியதும், அந்த ஓட்டமே விலையை மேலும் ஏற்றியதும் அவருக்கு ஒரு பாடம் புகட்டின. பொருளாதாரம் என்பது பொன்னும் பொருளும் மட்டுமன்று. மக்களின் நம்பிக்கையும் அச்சமும் கலந்தது அது என்பதே அந்தப் பாடம். ஹிட்லர் அரியணை ஏறிய 1933இல் அவர் அமெரிக்கா சென்றார். 1946இல் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் அவர் தொடங்கியதுதான் இந்த ஆய்வு.

அந்நாளில் பொருளாதார அறிஞர் பலர், போர் முடிந்தது, ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்படும், வேலையின்மை பெருகும், 1930களின் பஞ்சம் மீண்டும் வரும் என்று ஆரூடம் கூறிக்கொண்டிருந்தனர். கட்டோனாவோ ஆரூடம் பார்க்கவில்லை. ஆளை அனுப்பினார்; வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னார்; குடும்பத்தாரையே கேட்டார். போர்க்காலத்தில் சேமித்த பணத்தோடு வீடும் காரும் வாங்கக் காத்திருந்தனர் மக்கள். அறிஞர் அஞ்சிய பஞ்சம் வரவில்லை. மக்கள் சொன்ன வளர்ச்சி வந்தது!

வாங்கும் ஆற்றல் வேறு, வாங்கும் விருப்பம் வேறு என்றார் அவர். கையில் காசு இருப்பது ஆற்றல். நாளையைப் பற்றி நெஞ்சில் துணிவு இருப்பது விருப்பம். அதனால்தான் அவர் அமைத்த வினாக்கள் எளியவை. சென்ற ஆண்டைவிட உம் குடும்ப நிலை மேலா, கீழா? வரும் ஆண்டு எப்படி இருக்கும்? நாட்டின் தொழிலும் வாணிகமும் வரும் 12 திங்களில் எப்படி? வரும் 5 ஆண்டில் எப்படி? வீட்டுக்கு வேண்டிய பெரும் பொருள்களை வாங்க இது ஏற்ற காலந்தானா? ஐந்தே கேள்விகள்! ஆனால் அந்த ஐந்தும், அதுவரை அறிஞர் அவையில் எவரும் கேட்காதவரை நோக்கிக் கேட்கப்பட்டவை.

அளவுகோலைக் கண்டோம். இனி, அந்த அளவுகோல் பிறப்பதற்கு முன்பே, புதுப்பொறி ஒன்று வந்து பொன்மழை பொழியும் என்று மக்கள் மயங்கிய கதையைப் பார்ப்போம்.

1830இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி இரயில் ஓடத் தொடங்கிற்று. உலகமே வியந்தது, வியப்பதற்கு உரியதுதான். பொய்யன்று அந்தப் பொறி. புராணமன்று அந்த வேகம். ஆனால் மெய்யான பொறியைச் சுற்றிப் பொய்யான கணக்குகள் வளர்ந்தன. 1840களின் நடுவில் இங்கிலாந்தைப் பிடித்தது இரயில் பித்து! 1846ஆம் ஆண்டில் மட்டும் 250க்கும் மேற்பட்ட இரயில் சட்டங்களுக்குப் பாராளுமன்றம் ஒப்புதல் தந்தது. பாதிரியாரும் பங்கு வாங்கினார். பணி ஓய்வு பெற்ற படைவீரரும் வாங்கினார். கணவனை இழந்த மாதரும் வாங்கினர். பங்கின் விலையில் பத்தில் ஒரு பகுதி கட்டினால் போதும், பங்கு கையில்! மிச்சத்தை நிறுவனம் கேட்கும்போது கட்டவேண்டும். கேட்குமுன் விற்றுவிடலாம் என்பது கனவு. கேட்டபோது வாங்குவார் இலர் என்பது நனவு.

அந்தப் பித்தின் அரசன் ஜார்ஜ் ஹட்சன். 'இரயில்வே மன்னர்' என்றே அழைத்தனர் அவரை. பிரபுக்கள் அவர் வீட்டு விருந்துக்குக் காத்திருந்தனர். அவரது யார்க் வட மிட்லண்ட் இரயில்வேயில் பங்கு வைத்திருந்தோரில், நாவலாசிரியைகளான பிராண்டி சகோதரியரும் அடங்குவர். அத்தை விட்டுச் சென்ற சிறு செல்வம் அந்தப் பங்குகளிலே! விற்றுவிடலாம் என்று கருதினார் சார்லட், இணங்கவில்லை தங்கையர். 1849இல் ஹட்சனின் மோசடி வெளிவந்தது. ஈட்டிய இலாபத்திலிருந்து அன்று, பங்குதாரர் கொடுத்த முதலிலிருந்தே எடுத்து அதனை இலாபம் என்று பங்கிட்டிருந்தார் மன்னர்! பங்குகள் 1845இல் இருந்த விலையில் பாதிக்கும் கீழே சரிந்தன. பின்னாளில் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார் ஹட்சன்.

இரயில் ஒழிந்ததா? இல்லை. ஒப்புதல் பெற்ற பாதைகளில் மூன்றில் ஒரு பங்கு கட்டப்படாமலே போயிற்று. ஆயினும் 1850 வாக்கில் ஏறத்தாழ 6,000 மைல் பாதை பிரிட்டனில் இருந்தது. பொறி நின்று நிலைத்தது. அதற்கு விலை கொடுத்தவர் யார்? சிறுசேமிப்பை இழந்த எளியவர் கொடுத்தனர். மண் வெட்டி மலை குடைந்த தொழிலாளர் கொடுத்தனர். உட்ஹெட் என்ற ஒரு சுரங்கப் பாதையை அமைப்பதிலேயே 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வண்டி ஓடிற்று, ஆனால் வண்டியில் ஏறியவர் ஒருவர், தண்டவாளத்தின் கீழ் எலும்பானவர் வேறொருவர்!

அடுத்த சாட்சி, 1929. இம்முறை மக்களை மயக்கிய புதுமைகள் வானொலியும் மோட்டாரும் மின்சாரமும். செப்டம்பர் 3ஆம் நாள் டோ ஜோன்ஸ் குறியீடு 381. புகழ்பெற்ற பொருளாதாரப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர், பங்கு விலைகள் இனி இறங்கா மேட்டு நிலத்தை அடைந்துவிட்டன என்று அக்டோபரில் அறிவித்தார். சில நாட்களில் இடிந்தது சந்தை! 1932 சூலையில் அதே குறியீடு 41. மீண்டும் பழைய உச்சியைக் காண 1954ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. படித்த மேதை பிழைபட்டார். 'பாமரர் அறியார்' என்போர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இதில் நாம் ஊன்றிக் காணவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்றைய அமெரிக்காவில் மக்கள் 12 கோடி. பங்குத் தரகரிடம் கணக்கு வைத்திருந்தோரோ ஏறத்தாழ 15 இலட்சமே. நூற்றில் ஒருவர்க்குச் சற்று மேல்! அப்படியானால், பங்கே இல்லாத மற்றவர் ஏன் வீழ்ந்தனர்? பொருளாதார ஆய்வாளர் கிறிஸ்டினா ரோமர் 1990இல் தந்த விளக்கம் சிந்திக்கத் தக்கது. சந்தை சரிந்ததும் நாளை என்ன ஆகுமோ என்ற ஐயம் நாடெங்கும் பரவிற்று. அரிசி, உப்பு போன்ற அன்றாடப் பண்டம் வாங்குவதை எவரும் நிறுத்த முடியாது. ஆனால் ஒருமுறை வாங்கிவிட்டால் திருப்ப முடியாத கார், மேசை, நாற்காலி ஆகியவற்றை வாங்குவதை ஒத்திப் போட முடியும். போட்டனர். கடையில் தேங்கிற்று சரக்கு. ஆலையில் நின்றது வேலை. தெருவில் நின்றான் தொழிலாளி. 1933இல் நான்கு தொழிலாளரில் ஒருவர்க்கு வேலை இல்லை! சூதாடியவர் நூற்றில் ஒருவர். சோறிழந்தவர் நான்கில் ஒருவர்!

மூன்றாம் சாட்சி நம் நினைவில் உள்ளது. இணையம் வந்தது, எல்லாம் மாறும் என்றனர், மாறியதும் உண்மை. 2000 சனவரியில், மிச்சிகன் குறியீடு 112 என்னும் உச்சியைத் தொட்டது. அந்த ஆய்வின் வரலாற்றிலேயே மிக உயர்ந்த எண் அது! அன்று சந்தையும் மக்களும் ஒரே பண் பாடினர். இரண்டே திங்கள், மார்ச் 10ஆம் நாள் நாஸ்டாக் குறியீடு 5,048இல் முடிந்து, பின்னர் சரியத் தொடங்கிற்று. 2002 அக்டோபருக்குள் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கரைந்தது. பழைய உச்சியை மீண்டும் காண 2015 ஆயிற்று. கடலடியில் கண்ணாடி இழைக் கம்பி பதித்த குளோபல் கிராசிங் 2002 சனவரியில் திவாலாயிற்று. வேர்ல்டுகாம் அதே ஆண்டு சூலையில் திவாலாயிற்று. கம்பி மட்டும் கடலடியில் கிடந்தது. விலை வீழ்ந்த அந்தக் கம்பிவழியேதான் பின்னர் அமெரிக்க அலுவலகங்களின் வேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் பெருகி வந்தது. ஒரு நாட்டுச் சிறுமுதலீட்டாளர் இழந்த பொருள், மறு நாட்டு இளைஞர்க்கு வேலையாக வந்த விந்தை அது.

மூன்று சாட்சியங்களையும் கேட்டோம். இவற்றோடு இன்றைய நிலையை ஒப்பிட்டால் ஒரு பெரும் வேறுபாடு புலனாகும். அன்றெல்லாம் மயக்கம் பரவலாக இருந்தது. பாதிரியாரும் பாவலரும் மயங்கினர். 2000இல் நாடே மயங்கிற்று. இம்முறையோ, ஏற்றம் உச்சிக்குப் போகும்போதே மக்கள் மனம் உடன் செல்ல மறுக்கிறது. ஏறுபவர் ஏறுகின்றனர், கீழே நிற்பவர் கை தட்டவில்லை!

ஏன் தட்டவில்லை? காரணம் தேடி வெகுதொலைவு போக வேண்டியதில்லை.

முதற் காரணம், அகவிலை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30ஆம் நாள். அதே ஆண்டு சூன் திங்களில் அமெரிக்காவில் விலையேற்ற வீதம் 9.1 விழுக்காடு, 40 ஆண்டுகளில் காணாத அளவு. பின்னர் வீதம் தணிந்தது என்பது உண்மை. ஆனால், வீதம் தணிவது வேறு, விலை இறங்குவது வேறு! 2020இன் தொடக்கத்தில் 100 டாலருக்கு வாங்கிய பொருளுக்கு 2025இன் இறுதியில் ஏறத்தாழ 125 டாலர் எண்ணி வைக்கவேண்டும். புள்ளிவிவரக்காரர் வீதத்தைப் பார்க்கிறார். இல்லத்தரசி விலையைப் பார்க்கிறாள். இருவர் சொல்வதும் மெய்; ஆனால் அடுப்பெரிப்பது இல்லத்தரசியின் கணக்குத்தான். அதன்மேல் 2025 ஏப்ரல் 2ஆம் நாள் அறிவிக்கப்பட்ட இறக்குமதி வரிகள். அக்டோபர் முதல் நாள் தொடங்கி 43 நாட்கள் முடங்கிக் கிடந்த கூட்டாட்சி அரசு! மக்கள் கலங்கியது செயற்கை நுண்ணறிவால் மட்டுமன்று. ஆனால் அதன் ஏற்றத்தால் அந்தக் கலக்கம் சிறிதும் தீரவில்லை.

இரண்டாம் காரணம், உடைமை. பங்கு ஏறுகிறது, சரி. பங்கு எவரிடம் உள்ளது? அமெரிக்கக் குடும்பங்கள் வைத்திருக்கும் பங்குகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினர் கையில். செலவிலும் அப்படியே. மூடிஸ் நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்றின்படி, நுகர்வுச் செலவில் ஏறத்தாழ பாதியைச் செய்வோர் வருமானத்தில் மேல்நிலையிலுள்ள பத்து விழுக்காட்டினரே! ஆகவே கடை நிறைந்திருக்கிறது. விற்பனைக் கணக்கு வளர்கிறது. நாடு செழிக்கிறது என்ற தோற்றம் கிடைக்கிறது. தேர் ஓடுகிறது, மெய்தான். ஆனால் தேர்மேல் அமர்ந்திருப்போர் பத்துப் பேர். வடம் பிடிப்போர் தொண்ணூறு பேர். தேர் எவ்வளவு அழகு என்று வடம் பிடிப்பவனைக் கேட்டால், உள்ளங்கைக் காயத்தைக் காட்டுவானே அன்றி வேறென்ன செய்வான்?

மூன்றாம் காரணம், வேலை. 2025 மார்ச்சில் மிச்சிகன் ஆய்வில் மூவரில் இருவர், வரும் ஆண்டில் வேலையின்மை கூடும் என்றனர். 2009க்குப் பின் அத்தனை பேர் அவ்வாறு கூறியதில்லை. வீண் அச்சமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்து எரிக் பிரின்ஜால்ஃப்சன் குழுவினர் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு, இப்பொறிக்கு மிகவும் ஆட்பட்ட தொழில்களில் 22 முதல் 25 வயதினரின் வேலைவாய்ப்பு, மற்றவரோடு ஒப்பிட 13 விழுக்காடு குறைந்தது என்கிறது. நாடு முழுவதற்கும் அத்தகைய குலைவு இன்னும் புலப்படவில்லை என்று அதே ஆண்டில் யேல் பல்கலைக் கழக ஆய்வகம் ஒன்று கூறிற்று. பகுத்தறிவாளர் இரண்டையும் மேசைமேல் வைக்கவேண்டும். வழக்கு முடியவில்லை, ஆனால், தீர்ப்புக்கு முன்பே வாயிற்படியில் நிறுத்தப்படுபவன், படிப்பு முடித்து முதல் வேலை தேடும் இளைஞன்!

நான்காம் காரணம், மின்சாரம். இந்த 'நுண்ணறிவு' மேகத்தில் மிதப்பதன்று. வர்ஜீனியா மாநிலத்து லவுடன் வட்டாரத்தில், கால்பந்துத் திடல் போன்ற கொட்டகைகளில், மின்சாரத்தைக் குடித்து வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருக்கும் கணிப்பொறிகளில் வாழ்வது அது. 2023இல் அமெரிக்க மின்சாரத்தில் 4.4 விழுக்காட்டை இத்தகைய தரவு நிலையங்கள் உட்கொண்டன. 13 மாநிலங்களில் ஆறரைக் கோடி மக்களுக்கு மின்சாரம் சேர்ப்பிக்கும் பி.ஜே.எம். அமைப்பில், மின் திறனுக்கான ஏல விலை ஒரு மெகாவாட் நாளுக்கு 28.92 டாலராக இருந்தது, 2025-26ஆம் ஆண்டுக்கு 269.92 டாலர் ஆயிற்று! பழைய மின் நிலையங்கள் மூடப்பட்டதும் ஒரு காரணம். தரவு நிலையங்களின் பெரும்பசியும் ஒரு காரணம். அந்த விலை கடைசியில் வந்து சேரும் இடம், சாமானியன் வீட்டு மின்கட்டணச் சீட்டு. பொறி அவன் வீட்டுக்கு வருமுன், பொறியின் கட்டணம் வந்துவிட்டது!

இத்தனைக்கும் நடுவில் பணம் ஆறாக ஓடுகிறது. 2025இல் மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா ஆகிய நான்கு நிறுவனங்கள் மட்டும் 30,000 கோடி டாலருக்கு மேல் முதலீடு செய்தன. அதே ஆண்டு செப்டம்பரில் என்விடியா, ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 10,000 கோடி டாலர் வரை முதலிடப் போவதாக அறிவித்தது. அந்த ஓப்பன்ஏஐயோ என்விடியாவின் சில்லுகளைப் பெருமளவில் வாங்கும் நிறுவனம்! விற்பவரே வாங்குபவருக்குப் பணம் தருகிறார். இது மோசடி என்று கூறவில்லை நாம், அறிவித்தே செய்கின்றனர். ஆயினும், ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குச் சென்று மீண்டும் வரும் பணத்தை வளர்ச்சி என்று எண்ணுமுன் நிதானித்துப் பார்க்குமாறு ஹட்சனின் ஆவி எச்சரிக்கவில்லையா? 2025 சனவரி 27ஆம் நாள், டீப்சீக் என்ற சீன நிறுவனம் குறைந்த செலவில் பொறி செய்ததாகச் செய்தி வந்ததும், என்விடியாவின் மதிப்பில் 58,000 கோடி டாலருக்கு மேல் ஒரே நாளில் கரைந்ததே! மீண்டும் ஏறிற்று, மறுப்பில்லை. ஆனால் ஒரு செய்திக்கு அத்தனை நடுங்கிய கோபுரத்தின் அடித்தளத்தை ஐயுறுவது அறியாமையா?

நேர்மை கருதி, மறுபக்கத்தையும் கூறியாக வேண்டும். மக்கள் மனநிலைக் குறியீடு சோதிடமன்று. 2022 சூனில் 50க்கு வீழ்ந்தபோது, பொருளாதார மந்தம் உறுதி என்றனர் பலர். 2023இல் அது வரவில்லை. தாம் விரும்பும் கட்சி வெள்ளை மாளிகையில் இருந்தால் நாடு நன்றாயிருப்பதாகவும், வேறு கட்சி இருந்தால் கெட்டுவிட்டதாகவும் கூறும் பழக்கம் அமெரிக்க மக்களிடம் உண்டு. ஆகவே, 51 என்ற எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, சந்தை நாளை சரியும் என்று நாம் ஆரூடம் சொன்னால், நாமும் பஞ்சாங்கக்காரர் ஆகிவிடுவோம். அந்த எண் எதிர்காலத்தைப் பற்றிய ஆரூடமன்று. நிகழ்காலத்தைப் பற்றிய வாக்குமூலம். "இந்த ஏற்றத்தில் எனக்குப் பங்கில்லை" என்பதே அந்த வாக்குமூலத்தின் சாரம்.

அந்த வாக்குமூலத்துக்குச் சந்தையின் புரோகிதர்கள் தரும் மறுமொழி யாது? "இது தவிர்க்க முடியாதது, வந்தே தீரும், எதிர்த்துப் பயனில்லை, ஏற்றுக்கொள்வதே அறிவு." எங்கோ கேட்ட குரலன்றோ இது? 'நீ தாழ்ந்து பிறந்தது உன் தலைவிதி. எதிர்த்துப் பயனில்லை' என்று நம் பாட்டன் காதில் ஓதிய அதே குரல்! அன்று ஏட்டுச் சுவடியைக் காட்டினர். இன்று வரைபடத்தைக் காட்டுகின்றனர். அன்று தெய்வத்தின் சித்தம்; இன்று தொழில்நுட்பத்தின் சித்தம். மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதருக்கு அப்பாற்பட்டது என்று காட்டுவதுதான் மூடநம்பிக்கையின் முதல் வேலை. பொறி தானாக முளைக்கவில்லை; தரவு நிலையம் எங்கே கட்டுவது, மின்கட்டணத்தை எவர் தலையில் ஏற்றுவது, மிச்சமாகும் உழைப்பின் பயனை எவருக்குத் தருவது என்பவை யாவும் மனிதர் கூடி முடிவெடுப்பவை. மனிதர் எடுத்த முடிவை மனிதர் மாற்ற முடியும்.

ஆகவே பொறியை உடைப்போம் என்கிறோமா? இல்லை. 1811, 1812ஆம் ஆண்டுகளில் நாட்டிங்காம் வட்டாரத்துப் பின்னல் தொழிலாளர் பொறிகளை உடைத்தனர். அவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, பிரபுக்கள் சபையில் அதனை எதிர்த்துப் பேசினார் கவிஞர் பைரன். அத் தொழிலாளர் கண்ணில் பட்ட பொறிகளையெல்லாம் உடைத்தவர் அல்லர். கூலியைக் குறைத்து, மட்டச் சரக்கு செய்த முதலாளிகளின் பொறிகளையே குறிவைத்தனர். அவர்களின் வழக்கு இரும்போடு அன்று, இரும்பின் பயனை ஒருவனே விழுங்கியதோடுதான்! சட்டம் நிறைவேறிற்று, தூக்குமரம் எழுந்தது, வழக்கு மட்டும் தீரவில்லை.

நம் இயக்கம் பொறியை வெறுத்த இயக்கமன்று. 'இனி வரும் உலகம்' பற்றிப் பெரியார் 1940களிலேயே சிந்தித்தபோது, விஞ்ஞானத்தை இருகரம் நீட்டி வரவேற்றார். உழைப்பின் சுமையைப் பொறி குறைக்கும், ஓய்வு பெருகும் என்றார். ஆனால் அந்த உலகில் பயன் எல்லார்க்கும் பொது. அதுதான் அவர் கண்ட எதிர்காலத்தின் உயிர். பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு, பொதுமையை விட்டுவிட்டவர்கள், பாதி எதிர்காலத்தைத்தான் கட்டுகின்றனர்.

இது அமெரிக்கர் கதை, நமக்கென்ன என்று இருப்பதற்கும் இல்லை. அன்று கடலடிக் கம்பிவழியே வந்த வேலையை நம்பித்தான் சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடி மாளிகைகள் எழுந்தன. அமெரிக்க நிறுவனங்கள் தும்மினால், இங்கே நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்! 2025 சூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம், தன் ஊழியரில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை விடுவிக்கப் போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமன்று என்றது தலைமை. காரணம் எதுவாயினும், வீட்டுக் கடனும் தங்கையின் படிப்புச் செலவும் சுமந்து நிற்கும் இளைஞன் நெஞ்சில், கட்டோனாவின் ஐந்து வினாக்களும் அன்றிரவே எழுந்திருக்கும். அவன் அளிக்கும் விடை எந்தக் குறியீட்டிலும் ஏறாமல் போகலாம். ஆயினும் விடை விடைதான்.

இளைஞர்களே! புதுமை ஒன்று வந்து, பொன்மழை பொழிகிறது என்று முரசு கொட்டப்படும்போது, மூன்று கேள்விகளை முன்வையுங்கள். உடைமை எவருக்கு? உழைப்பு மிச்சமானால் ஓய்வு எவருக்கு? சரிந்தால் சுமை எவருக்கு? 1846இல் இந்தக் கேள்விகளை உரத்துக் கேட்டிருந்தால், ஏமாந்தோர் தொகை குறைந்திருக்கும். 1929இல் கேட்டிருந்தால், நூற்றில் ஒருவர் ஆடிய சூதுக்கு நாடே பணயம் ஆகியிராது. 2000இல் கேட்காமற் போனதன் விலை, 112 என்ற அந்த எண்ணின் அடியிலே எழுதப்பட்டிருக்கிறது.

இம்முறை மக்கள் கேட்கத் தொடங்கிவிட்டனர். அதைத்தான் 51 என்ற எண் நமக்குச் சொல்கிறது. தாழ்ந்த எண் என்று அதனை எள்ளவேண்டாம். மயங்க மறுத்த மக்களின் ஐயம் அது. ஐயந்தான் அறிவின் முதற்படி! அந்தப் படியிலே நின்றுவிட்டால் வெறும் அச்சமாக முடியும். அடுத்த படி, கணக்குக் கேட்பது. அதற்கடுத்த படி, பங்கு கேட்பது. நிறுவனத்தின் பங்கையன்று, நாளையின் பங்கை!